உங்களைவிடப் பலமானவரோடு செஸ் ஆட உட்காரும்போது

யாங்கோனில் முதல்முறையாக ஒரு செஸ் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நம் பிள்ளைகளுக்காகவும், இத்தனை நாள் டீக்கடைப் பலகையில் ஆடிவிட்டு இப்போதுதான் கிளாக், ஸ்கோர் ஷீட் என்று உட்காரப்போகிற பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். முதல் சுற்றிலேயே உங்களைவிட ரொம்பப் பலமான ஒருவர் எதிரே வந்து உட்காருவார். ஏற்பாடே அப்படித்தான். பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. எல்லாரையும் ரேட்டிங் (ஆட்டபலத்தைக் காட்டும் புள்ளி) வரிசையில் நிறுத்திப் பட்டியலை நடுவில் பிரித்து, மேல்பாதியின் முதல் ஆளைக் கீழ்பாதியின் முதல் ஆளோடு சேர்ப்பார்கள். 40 பேர் என்றால் 1-க்கு 21, 2-க்கு 22, கடைசியில் 20-க்கு 40. ரேட்டிங் இல்லாத புதியவர் பட்டியலின் அடியில்தான் இருப்பார். ஆக, மேல்பாதியிலிருந்து ஒருவர் உங்களுக்கு உண்டு என்று முதல் நாள் இரவே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, இந்தக் கணக்கைப் பாருங்கள். பயத்தில் பாதி இதிலேயே போய்விடும். உங்கள் ரேட்டிங் 1500, எதிராளிக்கு 1900 என்று வைத்துக்கொள்வோம். உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடேயின் கணக்குப்படி 400 புள்ளி வித்தியாசத்தில் பலமானவரிடம் எதிர்பார்ப்பது 100 ஆட்டத்துக்கு ஏறக்குறைய 92 புள்ளி. மிச்சம் 8 உங்களுடையது. எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் எண், புதியவர்களுக்கு முதல் 30 ஆட்டம் வரை 40. அப்படியானால் தோற்றால் உங்களுக்குப் போவது 3.2 புள்ளி. டிரா செய்தால் வருவது 16.8. ஜெயித்தால் 36.8. ரேட்டிங்கே இல்லாதவருக்கு இழக்க அந்த மூன்று புள்ளிகூடக் கிடையாது. சுமையெல்லாம் எதிர்ப்பக்கத்தில்தான். அவர் ஜெயித்தே ஆகவேண்டும் என்று வந்திருக்கிறார், டிரா ஆனாலே அவருக்கு அந்த நாள் கெட்டுவிடும்.

போட்டிக்கு முந்தின நாள்

புது ஓப்பனிங் எதுவும் படிக்காதீர்கள். தெரிந்ததை ஒருமுறை பலகையில் வைத்து ஆடிப் பாருங்கள், போதும். போனில் பார்ப்பது வேறு, மரக்காயைக் கையில் எடுத்து நகர்த்துவது வேறு. போனிலேயே ஆடிப் பழகியவர்களுக்கு நிஜப் பலகையில் பக்கவாட்டுப் பார்வையில் மூலைவிட்டங்கள் கண்ணில் படுவதே இல்லை. கரண்ட் போன நேரத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆடினாலும் சரி, பலகையில் ஆடுங்கள்.

தாத்தாவிடம் பர்மாவின் பழைய செஸ்ஸான சிட்டுயின் கற்று வளர்ந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த ஆட்டத்தில் ராணிக்குப் பதிலாக இருக்கும் தளபதி மூலைவாட்டில் ஒரு கட்டம்தான் போகும். பிஷப்புக்குப் பதிலாக அங்கே இருக்கும் யானையும் ஒரு கட்டம்தான். தூரத்திலிருந்து வந்து அடிப்பது ரதம் (உலகச் செஸ்ஸில் நாம் யானை என்பது) மட்டும், அதுவும் நேர்கோட்டில். அதனால் அங்கே பழகிய கண், உலகச் செஸ்ஸில் பிஷப்பும் ராணியும் ஏழு கட்டம் தள்ளியிருந்து வந்து வெட்டுவதைப் பார்க்கத் தவறும். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் நீண்ட மூலைவிட்டங்கள் இரண்டையும் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிற பழக்கத்தை வலிந்து ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மற்றபடி சிட்டுயின் கொடுத்த பொறுமை உங்கள் சொத்து. முதலில் காய்களைத் தன் இஷ்டப்படி அடுக்கிவிட்டுப் போருக்குப் போகிற ஆட்டம் அது, அவசரக்காரர்களை வளர்ப்பதில்லை.

விதிகளில் டீக்கடையிலிருந்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது சில இடங்களில்தான். தொட்ட காயை ஆடியே ஆகவேண்டும். காய் கோணலாக நின்றால், உங்கள் முறையில், "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் பிறகு தொடுங்கள். காய் நகர்த்திய அதே கையால்தான் கிளாக்கை அமுக்கவேண்டும். நகர்த்திவிட்டு எழுதவேண்டும், எழுதிவிட்டு நகர்த்தக் கூடாது. நீண்ட நேர ஆட்டத்தில் விதிக்குப் புறம்பான நகர்வு ஒன்று ஆடி கிளாக்கையும் அமுக்கினால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாவது முறை ஆட்டமே போய்விடும். போன் சட்டைப்பையில் இருந்தாலே தோல்விதான். அணைத்துப் பையில் போட்டு, பையை எங்கே வைக்கலாம் என்று நடுவரிடம் கேட்டு வைத்துவிடுங்கள். பக்கத்தில் நின்று பார்க்கிற சித்தப்பா "யானையை எடுடா" என்று முணுமுணுத்தால் தொல்லை உங்களுக்கு. வருகிற சொந்தக்காரர்களிடம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள்.

காலையில் மோகிங்கா ஒரு கிண்ணம் போதும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் இருபதாவது நகர்விலேயே கண் சொக்கும்.

உட்கார்ந்ததும்

எதிராளியின் ரேட்டிங்கை, யாருக்கு யார் என்று ஒட்டும் பேரிங் பட்டியலில் பார்த்திருப்பீர்கள். இனி அதை நினைக்க வேண்டாம் என்று சொன்னால் நடக்காது, நினைக்கத்தான் செய்வீர்கள். அதனால் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஸ்கோர் ஷீட்டில் பெயர், சுற்று, பலகை எண் எல்லாம் நிதானமாக எழுதுங்கள். கை குலுக்குங்கள். வயதில் மூத்த பர்மாக்காரர் என்றால் "சயா" என்று ஒரு மரியாதை. அதோடு மரியாதையை நிறுத்திக்கொள்ளுங்கள், பலகைக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

பயந்தவர்கள் வேகமாக ஆடுவார்கள். புதியவர்களிடம் நான் பார்க்கிற முதல் வியாதி இதுதான். 90 நிமிடமும் நகர்வுக்கு 30 விநாடியும் தரும் ஆட்டத்தில், 40 நகர்வுக்கு மொத்தம் 110 நிமிடம் கிடைக்கிறது, அதாவது நகர்வுக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். பிள்ளைகள் 40 நகர்வையும் இருபது நிமிடத்தில் ஆடித் தோற்றுவிட்டு, மிச்சம் ஒன்றரை மணி நேரம் மண்டபத்துக்கு வெளியே நிற்கிறார்கள். பலமானவருக்கு இருக்கும் அறிவு உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம், ஆனால் கிளாக்கில் இருவருக்கும் ஒரே நேரம்தான் வைத்திருக்கிறார்கள். அதை வாங்கிச் செலவழியுங்கள். ஓப்பனிங்கில் தெரிந்த நகர்வுகளைக் கொஞ்சம் வேகமாக ஆடலாம். தெரியாத நகர்வு ஒன்று எதிரிலிருந்து வந்ததும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

ஓப்பனிங் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் சிப்பாய், குதிரையும் பிஷப்பும் வெளியே, சீக்கிரம் காஸ்லிங். எதிராளியை அசத்த என்று வீடியோவில் பார்த்த தந்திர ஓப்பனிங் எதையும் அன்றைக்குப் போய் முதல்முறை ஆடாதீர்கள். அந்தத் தந்திரம் அவருக்கு முன்பே தெரியும்.

அவரை நம்பாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பலமானவர் ஆடும் ஒவ்வொரு நகர்வையும் புதியவர் நம்புகிறார். "இவர் வைத்திருக்கிறார் என்றால் ஏதோ இருக்கும்" என்று நினைத்துச் சும்மா கிடக்கும் சிப்பாயை எடுக்காமல் விடுகிறார். இல்லாத மிரட்டலுக்குப் பயந்து நல்ல குதிரையைப் பின்னால் இழுக்கிறார். அப்படிப் பார்த்தால் புதியவரைத் தோற்கடிப்பதில் பாதி அவருடைய சொந்தக் கைதான். பலமானவர்களும் தப்பு செய்வார்கள், அதுவும் பலம் குறைந்தவரோடு ஆடும்போது அலட்சியத்தில் அதிகமாகவே செய்வார்கள். அதைப் பிடிக்க நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நம்பாமல் இருப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதையும் எடுப்பதற்கு முன்னால், எடுத்த பிறகு அவருக்கு என்ன செக் இருக்கிறது, என்ன வெட்டு இருக்கிறது, என்ன மிரட்டல் இருக்கிறது என்று அந்த வரிசையிலேயே பாருங்கள். மூன்றிலும் ஒன்றும் இல்லையென்றால் எடுங்கள், யார் வைத்த காயாக இருந்தாலும்.

பலகையை எடுத்து இதை ஆடிப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்புச் சிப்பாய் ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புச் சிப்பாய் டி6. வெள்ளை பிஷப் சி4, கறுப்பு பிஷப் ஜி4-க்கு வந்து குதிரையைக் கட்டிப்போடுகிறது. வெள்ளையின் அடுத்த குதிரை சி3, கறுப்புச் சிப்பாய் ஜி6. இப்போது வெள்ளை, கட்டுண்டு கிடக்கிற எஃப்3 குதிரையைத் தூக்கி ஈ5 சிப்பாயை வெட்டுகிறார். ராணி அப்படியே திறந்து கிடக்கிறது. நீங்கள் கறுப்பு. எடுக்கலாமா?

எடுத்தால் என்ன செக் என்று பாருங்கள். பிஷப் எஃப்7-ல் சிப்பாயை வெட்டிச் செக் சொல்கிறது. குதிரை காவல் இருப்பதால் அதை ராஜா வெட்ட முடியாது, போக ஈ7 ஒன்றுதான் வழி. அடுத்து சி3 குதிரை டி5-க்கு வருகிறது. மேட். இரண்டே செக். செக்கை முதலில் பார்க்கிறவர் இதைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் ராணியை விட்டுவிட்டு டி6 சிப்பாயால் ஈ5 குதிரையை வெட்டுவார், வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை எடுக்கும், கணக்கில் ஒரு சிப்பாய் குறைவு, ஆட்டம் தொடரும். அதே சோதனையில் செக் எதுவும் இல்லை என்று வந்திருந்தால் அந்த ராணி உண்மையிலேயே இனாம்தான், கூசாமல் எடுக்கவேண்டியதுதான்.

இதற்கு நம் மண்ணிலேயே பிறந்த சாட்சி ஒருவர் இருக்கிறார். மாந்தலே ரயில் பாதையில் இருக்கிற தவுங்கூவில் 1935-ல் பிறந்தவர் மானுவேல் ஆரோன். தமிழ்நாட்டில் வளர்ந்து, 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1962-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த, உலகச் சாம்பியன் பட்டத்துக்கான தகுதிப் போட்டிகளில் ஒன்றான இன்டர்சோனல் போட்டியில் 23 பேர் ஆடினார்கள், பின்னாளில் உலகச் சாம்பியனான பாபி ஃபிஷர் முதலிடம், ஆரோன் கடைசி இடம். பட்டியலை மட்டும் பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அதே போட்டியில் ஹங்கேரியின் லாயோஷ் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஊல்மனையும் அவர் ஜெயித்தார், இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். மொத்தப் போட்டியில் அடிவாங்கிக்கொண்டிருக்கும்போது அடுத்த ஆட்டத்தில் ஒரு கிராண்ட்மாஸ்டரின் நகர்வைச் சந்தேகத்தோடு பார்க்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தவுங்கூ வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். நம் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயரே தெரியாது என்பது எனக்கு உண்மையில் வருத்தம்.

காய்களை வெட்டித் தீர்த்து டிரா எடுக்கலாம் என்று எண்ணாதீர்கள்

இதைப் பெரியவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள்: "பெரிய ஆளா? எல்லாத்தையும் வெட்டிப் போடு, டிரா ஆயிடும்." எனக்கு இந்த யோசனையில் துளியும் உடன்பாடில்லை. காய் குறையக் குறையத் தப்பும் குறையும் என்று தோன்றும். ஆனால் பலமானவருக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிதாக இருப்பது கடைசிக்கட்ட ஆட்டத்தில்தான். ராணிகள் போன பிறகு அவர் அவசரமில்லாமல் உங்களைக் கரைத்துவிடுவார்.

வெட்டும்போது நீங்கள் கவனிக்காமல் இன்னொன்றையும் கொடுக்கிறீர்கள். ஈ வரிசை திறந்திருக்கிறது, உங்கள் யானை ஈ1-ல், அவர் யானை ஈ8-ல், அவருடைய இன்னொரு யானை டி8-ல் என்று வையுங்கள். உங்கள் இன்னொரு யானை இன்னும் ஏ1-லேயே தூங்குகிறது. நீங்கள் ஈ8-ல் வெட்டுகிறீர்கள், அவர் டி8 யானையால் திரும்ப வெட்டுகிறார். இப்போது திறந்த வரிசையில் நிற்கும் யானை யாருடையது? அவருடையது. அவர் ஒரு நகர்வும் செலவழிக்கவில்லை, நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். வெட்டாமல் ஏ1 யானையை டி1-க்குக் கொண்டுவந்திருந்தால், அவர் ஈ1-ல் வெட்டும்போது நீங்கள் திரும்ப வெட்டுவீர்கள், வரிசையில் நிற்பது உங்கள் யானையாக இருக்கும். ஆகவே வெட்டுவதற்கு முன்னால், வெட்டி முடித்த பிறகு யாருடைய காய் நல்ல இடத்தில் நிற்கும் என்று பாருங்கள். பதில் அவர் என்றால் விட்டுவிடுங்கள், இழுபறி அப்படியே இருக்கட்டும். குழப்பமான நிலையில் அவரும் யோசித்துத்தான் ஆகவேண்டும்.

நிலைமை கெட்டுப்போனால்

கெடும். பல ஆட்டங்களில் கெடும். ஒரு சிப்பாய் போனதும் புதியவர்கள் மனசைவிட்டு அடுத்த பத்து நகர்வையும் சட்சட்டென்று ஆடி முடித்துவிடுகிறார்கள். வேலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ராணியையும் குதிரையையும் காப்பாற்றி அவருடைய ராஜாவுக்கு அருகில் வைத்திருங்கள், அந்த ஜோடி எதிர்பாராத செக்குகளைக் கொடுக்கும். ஒவ்வொரு நகர்விலும் சின்னதாக ஒரு மிரட்டலாவது இருக்கட்டும். அவர் கிளாக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் எழுந்து நடக்க ஆரம்பித்திருக்கிறாரா? நல்லது, அவர் கவனம் பலகையில் இல்லை.

ராஜினாமா செய்யாதீர்கள். முதல் வருஷம் முழுவதும் மேட் ஆகும்வரை ஆடினாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவர் எப்படி முடிக்கிறார் என்று பார்ப்பதே பாடம். அதோடு ஸ்டேல்மேட் என்று ஒன்று இருக்கிறது (ராஜாவுக்குச் செக் இல்லை, ஆட நகர்வும் இல்லை என்றால் டிரா), அதில் வழுக்கி விழுந்த பலசாலிகள் நிறையப் பேர்.

காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டிய கடைசிக்கட்ட நிலைகள் புதியவருக்கு அதிகமில்லை. ராஜா எதிர் ராஜா நிற்கும் எதிர்நிலை, யானையை மூன்றாம் வரிசையில் நிறுத்திக் காக்கும் ஃபிலிடோர் நிலை, தப்பு நிற பிஷப். மூன்றாவதை மட்டும் இங்கே சொல்கிறேன், ஏனென்றால் முற்றிலும் தோற்றதுபோல் தெரியும் ஆட்டத்தைக் காப்பாற்றுவது அதுதான். அவரிடம் ஓரத்துச் சிப்பாய் ஒன்றும் பிஷப் ஒன்றும், உங்களிடம் ராஜா மட்டும். சிப்பாய் ராணியாகும் மூலைக்கட்டத்தின் நிறமும் அவர் பிஷப்பின் நிறமும் வேறாக இருந்தால், உங்கள் ராஜா அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், டிரா. வெள்ளையின் எச் வரிசைச் சிப்பாய்க்கு மூலை எச்8, அது கறுப்புக் கட்டம். வெள்ளைக் கட்ட பிஷப்பால் உங்களை அங்கிருந்து விரட்டவே முடியாது, ஸ்டேல்மேட்தான் செய்ய முடியும். ஏ வரிசை என்றால் மூலை ஏ8, வெள்ளைக் கட்டம். அங்கே அவரிடம் கறுப்புக் கட்ட பிஷப் இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். இது தெரிந்திருந்தால், பத்து நகர்வுக்கு முன்பே மற்றச் சிப்பாய்களை எல்லாம் காலிசெய்யத் தொடங்கலாம்.

நிலைமை நன்றாக இருந்தால்

தோற்கும்போது இருப்பதைவிட இங்கேதான் கை அதிகம் நடுங்கும். ஒரு காய் கூடுதலாகக் கிடைத்ததும் "டிரா கேட்டுவிடலாமா" என்று தோன்றும். வேண்டாம். இப்போதுதான் வெட்டிக்கொள்ளும் நேரம்: காய்க்குக் காய் வெட்டுங்கள், சிப்பாய்களை வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னது அப்படியே தலைகீழாகிறது, ஏனென்றால் இப்போது பலகையில் பலமானவர் நீங்கள்.

அவரே டிரா கேட்டால்? பலமானவர் பலம் குறைந்தவரிடம் டிரா கேட்கிறார் என்றால் அவர் தன் நிலைமையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார். முறைப்படி அவர் நகர்த்திவிட்டு, கேட்டுவிட்டு, கிளாக்கை அமுக்கவேண்டும். கேட்டதை அவர் திரும்பப் பெற முடியாது. நீங்கள் வாயால் மறுக்கும்வரை, அல்லது ஆடுவதற்காக ஒரு காயைத் தொடும்வரை அது நிற்கும். எனவே பெருமையில் உடனே கைநீட்டாமல், உட்கார்ந்து நிலைமையை முழுவதும் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் கிளாக்கில் இருபது நிமிடம் இருந்து நிலைமையும் நன்றாகத் தெரிந்தால் தொடர்ந்து ஆடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். இரண்டு நிமிடம்தான் மிச்சம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அரைப் புள்ளி சின்ன விஷயமில்லை.

2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியின் இரண்டாம் சுற்றில் கஜகஸ்தானின் அலிஷேர் சுலைமெனோவ், தன்னைவிட 300 ரேட்டிங் புள்ளிக்கு மேல் கூடுதலாக இருந்த முன்னாள் உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனை ஜெயித்தார். வெள்ளைக் காயோடு, நீண்ட நேர ஆட்டத்தில். தேடி எடுத்து ஆடிப் பாருங்கள். நல்ல நிலைமை கிடைத்ததும் அவர் டிராவுக்குப் பின்வாங்காமல் ராஜாவை நோக்கியே போவதைக் கவனியுங்கள்.

ஆட்டம் முடிந்ததும்

கை குலுக்கி, முடிவை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு நடுவரிடம் கொடுங்கள். அதற்குப் பிறகு எதிராளியிடம், "சயா, எங்கே தப்பு?" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். இந்த ஊரில் மூத்த ஆட்டக்காரர்கள் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. வெளியே ஒரு டீயோடு உட்கார்ந்து காட்டுவார்கள். அவர் சொல்லும்போது நடுவில் நியாயம் பேசாமல், அந்த நேரத்தில் நீங்கள் என்ன நினைத்து ஆடினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள், அப்போதுதான் எந்த யோசனை பிசகியது என்று அவரால் காட்ட முடியும். ஆட்டத்தை அலசிக் காட்டும் போன் எஞ்சினைத் திறப்பது வீட்டுக்குப் போன பிறகு. அதற்கு முன்னால் ஸ்கோர் ஷீட்டில், எதிராளியை நம்பி நீங்கள் எடுக்காமல் விட்ட காய், பயந்து பின்னிழுத்த காய் எது என்று தேடி வட்டம் போட்டு வையுங்கள். எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது அந்த வட்டங்களைத்தான்.

தோற்றிருந்தால் அடுத்த சுற்றில் உங்களைப் போலவே தோற்றவரோடுதான் பேரிங் வரும். அவர் உங்கள் பலத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் இருப்பார், இந்த முறை அவர் உங்களைப் பார்த்துப் பயந்திருக்கவும் கூடும். பேரிங் ஒட்டும் இடம் எது, எத்தனை மணிக்கு ஒட்டுவார்கள் என்று நடுவரிடம் கேட்டுவைத்துக்கொண்டு சாப்பிடப் போங்கள்.